கையைப் பார்க்கிற வேலை

போன மாதம் சாவகச்சேரியில் ஹெல்மெற் வாங்கப் போனேன். ஐம்பது தாண்டி ஸ்கூட்டி ஓடப் பழகியிருக்கிறேன். சந்தியில் என்னைக் கண்டால் ஓட்டோக்காரர்கள் தாங்களாகவே ஒதுங்கி வழி விடுகிறார்கள். மரியாதை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். கடைக்காரப் பொடியன் ஒரு ஹெல்மெற்றை என் தலையில் மாட்டி, முன்கண்ணாடியையும் சடக்கென்று இறக்கிவிட்டான். புதுப் பிளாஸ்ரிக்கின் மணம், அதற்குள் என்னுடைய மூச்சின் சூடு, காலையில் குடித்த இஞ்சித் தேநீரின் வாசம். அவ்வளவுதான், கடை போய்விட்டது. கண்டி வீதியின் இரைச்சலும் போய்விட்டது. நான் முழங்காலில் இருந்தேன். முன்னால் மண்ணில் சிவப்புக் கட்டை ஒன்று கிடந்தது. பின்னால் ஒருவன் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்ரி, இறுக்குதோ?" என்று பொடியன் கேட்டான்.

"இல்லைத் தம்பி. கொஞ்சம் நிக்கிறன்."

கண்ணாடியை உயர்த்தாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். அன்ரிக்குத் தலை சுற்றுகிறது என்று அவன் நினைத்திருப்பான். ஒரு கதிரையை இழுத்துப் போட்டான். பாவம்.

உங்களுக்கு நான் இதைச் சொன்னதில்லை. சண்டை முடிந்த பிறகு சில வருடங்கள் நான் மிதிவெடி அகற்றுகிற வேலை செய்தேன். இதைச் சொன்னால் ஆட்கள் முதலில் என் கையையும் காலையும் ஒருமுறை பார்ப்பார்கள். எல்லாம் இருக்கிறது, பயப்பட வேண்டாம். எழுதுமட்டுவாளைத் தாண்டி முகமாலைப் பக்கம் போனால் அப்போது கண்ணுக்கு எட்டிய தூரத்துக்குத் தலை போன தென்னைகளும் மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகளும்தான். அதற்குள்தான் எங்கள் அலுவலகம். கூரை வானம். கதிரை எங்கள் முழங்கால்.

அந்த வேலைக்கு நான் போனதற்குக் காரணம் என்னைக் கட்டியவர். அவர் ஏஜென்சிக்குக் காசு கட்டிப் பிரான்சுக்குப் போனார். கொஞ்சக் காலம் போன் வந்தது. பிறகு வருவது குறைந்தது. பிறகு அவருக்கு அங்கே ஒரு மகன் பிறந்திருக்கிறான் என்ற செய்தி மட்டும் வேறொருவர் வாயால் வந்தது. ஊரில் என்னை என்ன கணக்கில் சேர்ப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. புருசன் இருக்கிறவளா, இல்லாதவளா? கலியாண வீடுகளில் ஆரத்தி எடுக்கக் கூப்பிடவும் மாட்டார்கள், கூப்பிடாமல் விடுவதற்கும் சங்கடப்படுவார்கள். நான் அவர்களுக்கு வசதியாக வீட்டோடு இருந்துகொண்டேன். நேர்முகத்தில் "பயமில்லையோ?" என்று கேட்டார்கள். "வீட்டிலை சும்மா இருக்கிறதுக்குத்தான் பயம்" என்றேன். எடுத்துவிட்டார்கள்.

முதல் நாள் எங்கள் சுப்பவைசர் எல்லாப் பெண்களையும் நிறுத்தி, உடம்பில் உலோகம் ஒன்றும் இருக்கக்கூடாது, வெடி தேடுகிற கருவி கத்தும், கழற்றுங்கோ என்றார். தவம் அண்ணை என்று பெயர். அளவெட்டிக்காரர். பேசாத நேரம் விரலால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருப்பார். காப்பு, மோதிரம், தோடு எல்லாம் கழன்றன. தாலிக்கொடிக்கு வந்ததும் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தி அழவே தொடங்கிவிட்டாள். நான் கழற்றிக் கைலேஞ்சியில் முடிந்து பையில் போட்டேன். இவ்வளவு நாளும் இதைக் கழற்ற எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டிருக்கிறது. பின்னேரம் மற்றவர்கள் எல்லாரும் திரும்பப் போட்டுக்கொண்டார்கள். நான் மறந்துபோனேன். மறந்தது மறந்ததாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வேலையின் ஒழுங்கை நான் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் எனக்கு வந்த வருத்தம் உங்களுக்கு விளங்காது. காணியை ஒரு மீற்றர் அகலத்தில் நீட்டு நீட்டுத் துண்டுகளாகப் பிரித்துவிடுவார்கள். ஒவ்வொரு துண்டையும் லேன் என்போம். ஒரு லேனுக்கு இரண்டு பேர். ஒருவர் முழங்காலில் இருந்து, சிவப்புக் கட்டையை முன்னால் குறுக்கே போட்டு, அதற்கு அங்கால் உள்ள மண்ணைப் பல் வைத்த வாரியால் மெல்ல மெல்லச் சுரண்டுவார். கட்டைக்கு இங்கால் பார்த்து முடித்த நிலம், அங்கால் பார்க்காத நிலம். மற்றவர் பின்னால், வெடித்தாலும் படாத தூரத்தில் நின்று, வேலை செய்கிறவரின் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார். கை கட்டையைத் தாண்டினால், வாரி பிழையான பக்கம் திரும்பினால், உடனே விசில். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் இடம் மாறுவார்கள். காலை தொடக்கம் பின்னேரம் வரை இதுதான்.

யோசித்துப் பாருங்கள். வருடக்கணக்காக ஒரு மனுசரும் ஏறிட்டுப் பார்க்காத ஒரு பெண். அவளை நாள் முழுக்கக் கண் எடுக்காமல் பார்ப்பதற்கு ஒரு இளம் ஆணுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். பிறகு அவனைப் பார்ப்பதற்கு அவளுக்கும் கொடுக்கிறார்கள். எந்தப் புண்ணியவான் இந்த விதியை எழுதினானோ தெரியவில்லை. நிச்சயமாக அவன் யாழ்ப்பாணத்து ஆள் இல்லை.

அவன் பெயர் அமலன். மயிலிட்டிக்காரன், ஆனால் மயிலிட்டியைக் கண்ணால் கண்டதில்லை. சண்டையில் அந்த ஊர்ச் சனம் இடம்பெயர்ந்த வருடம் பிறந்தவன். முகாமில் தவழ்ந்து முகாமில் நடந்து முகாமிலேயே மீசை வந்தவன். அப்போது அவனுக்கு இருபத்தேழு, எனக்கு நாற்பத்துமூன்று. அழகன் என்று சொல்ல மாட்டேன். காது இரண்டும் கொஞ்சம் வெளியே நிற்கும், வைசர் என்கிற அந்த முகக் கண்ணாடியைப் போட்டால் இன்னும் நிற்கும். சாப்பாட்டு நேரம் மரநிழலில் இருந்து மயிலிட்டித் துறைமுகத்தைப் பற்றிக் கதைப்பான். எந்த வள்ளம் எங்கே கட்டும், எந்தக் காற்றுக்கு என்ன மீன் படும், மாதா கோயில் மணி எவ்வளவு தூரம் கேட்கும் எல்லாம் சொல்வான். தாயின் வாயால் கேட்டதைத் தான் கண்டதுபோலவே சொல்வான்.

"அப்ப நீந்துவீரோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இல்லை அக்கா. தண்ணிக்குப் பயம்" என்றான்.

மிதிவெடிக்குப் பயமில்லாத மீன்பிடிக்காரன் மகனுக்குத் தண்ணீருக்குப் பயம். நான் சிரித்த சிரிப்பில் புட்டு புரைக்கேறியது. அவன்தான் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து தந்தான்.

சிரிப்போடு நின்றிருந்தால் நல்லது. நிற்கவில்லை. என் முதல் மிதிவெடியை நான் கண்ட நாள் ஒன்று இருக்கிறது. வாரி பச்சையாக ஒரு விளிம்பைக் காட்டியது. சின்னச் சவர்க்காரப் பெட்டி அளவு. பயிற்சியில் எத்தனையோ தரம் பார்த்ததுதான். ஆனால் அது சும்மா பிளாஸ்ரிக், இது உயிரோடு இருக்கிறது.  வாரியை வைக்கவும் முடியவில்லை, பிடிக்கவும் முடியவில்லை. வைசர் முழுக்க என் மூச்சுப் புகைந்து ஒன்றும் தெரியவில்லை. அப்போது பின்னாலிருந்து அவனுடைய குரல் கேட்டது. கத்தவில்லை, சாதாரணமாகச் சொன்னான்.

"அக்கா, நான் பாத்துக்கொண்டுதான் நிக்கிறன். ஆறுதலா வாங்கோ."

மெல்ல, ஆறுதலாக வந்தேன். எழும்பினேன். முடித்த நிலத்தால் பின்னுக்கு நடந்து அவனிடம் வந்து சேர்ந்தேன். அந்த வசனத்தை எனக்கு அதற்கு முதல் யாரும் சொன்னதில்லை. அப்பா சொல்லவில்லை. பிரான்சுக்காரர் சொல்லவில்லை. நான் விழுந்துவிடாமல் பார்த்துக்கொண்டு ஒருவன் நிற்கிறான் என்பது ஒரு பெண்ணை என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரிந்தால் நான் மேலே சொல்லத் தேவையில்லை. தெரியாவிட்டாலும் சொல்கிறேன். எனக்கு அவன்மேல் ஆசை வந்தது. அக்கா தம்பி ஆசை இல்லை. அவன் வாரியைப் பிடிக்கிற கை என் கன்னத்தில் இருந்தால் எப்படி இருக்கும் என்கிற ஆசை. அவனைத் தம்பி என்று கூப்பிடுவதை எந்தக் கிழமை நிறுத்தினேன் என்று எனக்கே தெரியாது.

வெட்கமாக இருந்தது, அதைவிடச் சந்தோசமாக இருந்தது. காலையில் வேலைக்கு ஏற்றுகிற வான் வருவதற்கு முதலே வீட்டு ஒழுங்கை முகப்பில் போய் நின்றேன். மீன் சொதி வைத்தால் அவனுக்கென்று கொஞ்சம் கூடுதலாக வைத்தேன். முகத்துக்குப் பவுடரும் போடத் தொடங்கினேன். வைசருக்குள் வியர்வை ஊற்றும், பவுடர் கரைந்து கண்ணாடியில் கோடு கோடாக இறங்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. மூன்றாம் லேனில் வேலை செய்த சுகந்தி, அவள் என் பக்கத்து ஊர்க்காரி, தேநீர் நேரம் என் வைசரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"என்ன மச்சாள், உதுக்குள்ளை அப்பத்துக்கு மா கரைச்சனீரோ?"

எல்லாரும் சிரித்தார்கள். அமலனும் சிரித்தான். நானும் சிரித்துக்கொண்டு பவுடரை நிறுத்தினேன். ஆசையை நிறுத்துகிற வழி தெரியவில்லை. சரி, இது என்னோடு இருந்துவிட்டுப் போகட்டும், யாருக்கு என்ன நட்டம் என்று நினைத்தேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் என்ன நினைக்கிறாள் என்று தென்னைக்கா தெரியப்போகிறது?

நட்டம் இருக்கிறது என்று ஒரு காலையில் தெரிந்தது. அவன் முழங்காலில், நான் பின்னால் காவல். அவனுடைய பின்கழுத்தில் கவசத்தின் பட்டி பட்டு ஒரு இடம் சிவந்திருந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்தேன். வெளியே நிற்கிற காதுகளைப் பார்த்தேன். அவன் தலையைத் திருப்பினால் தெரியப்போகிற கன்னத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். பிறகுதான் திடுக்கிட்டேன். இவ்வளவு நேரமும் அவனுடைய கை என்ன செய்தது? எனக்குத் தெரியாது. கட்டைக்கு இங்காலா அங்காலா, தெரியாது. அவனுடைய கையைப் பார்க்க நின்றவள் கையைப் பார்க்கவில்லை. விசிலை எடுத்து ஊதினேன்.

அவன் கையை உயர்த்திப் பின்னுக்கு வந்தான். "என்ன அக்கா? தாண்டிட்டனோ?"

"இல்லை. தண்ணி குடியும் எண்டுதான்."

அவனுடைய கை ஒரு பிழையும் விடவில்லை, நான் போய் நிலத்தைப் பார்த்தேன். ஆனால் எனக்குப் பயம் பிடித்தது. முதல் மிதிவெடிக்குக்கூட அப்படிப் பயப்படவில்லை. இன்றைக்குத் தப்பிவிட்டான். நாளைக்கு? என் ஆசையே அவனுடைய கையைக் கொண்டுபோனால் நான் எப்படி உயிரோடு இருப்பேன்? அன்று பின்னேரமே தவம் அண்ணையிடம் போனேன். "அண்ணை, என்னை வேறை லேனுக்கு மாத்திவிடுங்கோ" என்றேன். அவருடைய விரல் தாளத்தை நிறுத்தியது. "ஏன்?" என்றார். "சும்மாதான்" என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

அவர் கேட்காததற்குக் காரணம் இருந்தது. பெரிய தியாகம் செய்த நினைப்பில் வீட்டுக்குப் போன எனக்கு அது மண்டையில் ஏறவேயில்லை. எங்கள் வேலையில் ஒருவர் காரணம் சொல்லாமல் சோடியை மாற்றக் கேட்டால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். மற்றவரின் கையில் நம்பிக்கையில்லை. அதை வாயால் சொல்லி ஒருவனின் வயிற்றில் அடிக்க மாட்டார்கள். சும்மாதான் என்பார்கள். கேட்பவருக்கு விளங்கிவிடும். அடுத்த நாள் தவம் அண்ணை அமலனை லேனுக்கு விடவில்லை. பயிற்சித் திடலுக்கு அனுப்பினார். புதிதாக வந்த பிள்ளைகளோடு இருந்து அவனும் வெறும் பிளாஸ்ரிக்கைச் சுரண்டினான். சாப்பாட்டு நேரம் அவனுக்குப் பக்கத்தில் ஒருவரும் போய் இருக்கவில்லை. அவனோடு சோடி சேர யாருக்கும் மனமில்லை. அவன் கெட்டவன் என்பதற்காக இல்லை, எல்லாருக்கும் வீட்டில் பிள்ளை குட்டி இருந்தது.

தண்ணீர்த் தாங்கியடியில் அமலன் என்னைப் பிடித்துவிட்டான்.

"அக்கா, நான் என்ன பிழை விட்டனான்? சொல்லுங்கோ, திருத்திறன். சொல்லாமல் விட்டால் எப்பிடித் திருத்திறது?"

"நீர் ஒரு பிழையும் விடேல்லை."

"அப்ப ஏன்?"

 அவன் கழுத்தில் சிலுவை கோத்திருந்த கறுப்பு நூலை விரலால் சுற்றிக்கொண்டு நின்றான். அந்தச் சிலுவை மரத்தில் செய்தது, கருவிக்காகத் தாய் மாற்றிக் கொடுத்தது. "இந்த வேலையை நம்பித்தான் அம்மா இருக்கிறா" என்றான். போத்தலை நிரப்பாமலே போய்விட்டான்.

இப்போது காலை வட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலை தொடங்குமுன் எல்லாரும் கூடாரத்துக்கு முன்னால் வட்டமாக நிற்போம். மருத்துவப் பொறுப்பாளர் காய்ச்சல், தலையிடி விசாரிப்பார். பிறகு தவம் அண்ணை ஒன்று கேட்பார். "மனசிலை ஏதும் இருக்கிற ஆக்கள் இப்ப சொல்லுங்கோ." குழம்பின மனத்தோடு ஒருவரும் லேனுக்குப் போகக்கூடாது என்பது விதி. ஆகவே சொல்வார்கள். பிள்ளைக்குச் சுகமில்லை, விடிய விடிய நித்திரை இல்லை. மனிசன் குடித்துவிட்டு வந்து அடித்தது. மாமியாரோடு சண்டை, பூரிக்கட்டை பறந்தது. என்ன சொன்னாலும் யாரும் சிரிக்கக்கூடாது, வட்டத்துக்கு வெளியே கொண்டுபோகக்கூடாது. சிரித்தால் அடுத்த ஆள் சொல்லமாட்டார், சொல்லாமல் போய் முழங்காலில் இருப்பார். அதனால் யாரும் சிரித்ததில்லை. பூரிக்கட்டைக்குக்கூடச் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் நான் கையை உயர்த்தினேன். எனக்கு நேர் எதிரில் அமலன் நின்றான். என்ன சொல்லப்போகிறேன் என்று நான் ஒன்றும் தயார் பண்ணவில்லை. வேலை போகலாம், ஊர் முழுக்கக் கதை போகலாம், நாற்பத்துமூன்று வயதுக்காரிக்கு வந்த விசர் என்று ஒழுங்கைக்கு ஒழுங்கை சிரிக்கலாம். இவ்வளவும் தெரியும். அவனுடைய தாய் மரச்சிலுவை வாங்கிக் கொடுத்ததும் தெரியும்.

"அமலன்ரை கையிலை ஒரு பிழையும் இல்லை" என்றேன். "நான் சோடி மாத்தக் கேட்டது என்னாலை. அவர் வேலை செய்யேக்கை நான் கையைப் பாக்கேல்லை. ஆளைப் பாத்தனான். எனக்கு அவரிலை விருப்பம் வந்திட்டுது. அவருக்குத் தெரியாது. அவர் ஒண்டும் செய்யேல்லை. என்ரை கண் கையிலை நிக்குதில்லை, அதாலை அவருக்கு ஏதும் நடந்திடும் எண்டு பயந்துதான் மாத்தக் கேட்டனான்."

காற்று நின்றுவிட்டது என்று எழுத ஆசைதான். காற்று தன்பாட்டுக்கு வீசிக்கொண்டுதான் இருந்தது. தென்னோலை ஒன்று சரசரத்தது. சுகந்தி வானத்தைப் பார்த்தாள். மருத்துவப் பொறுப்பாளர் தன் சப்பாத்துக் கயிற்றை ஆராய்ந்தார். அமலனுடைய காது இரண்டும் செவ்வரத்தம்பூவாகிவிட்டன. ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு உதடுகூட அசையவில்லை. தவம் அண்ணை என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"சரி" என்றார். "வேறை ஆருக்கும் ஏதும் இருக்கோ?"

பக்கத்தில் நின்ற ஒருவர் தனக்குப் பல்லுக்கொதி என்றார். வட்டம் கலைந்தது. அன்றைக்கே அமலனை லேனுக்கு விட்டார்கள். பல்லுக்கொதிக்காரர் பல் வலி சுகமாகி வந்ததும் தானாகவே அவனுக்குச் சோடியானார். நான் சுகந்தியோடு சேர்ந்தேன். அவள் என் கையைப் பார்க்கிற அழகுக்கு எனக்கு ஒரு ஆசையும் வரவில்லை.

வெளியில் ஒரு சொல் போகவில்லை. இன்றைக்கும் எனக்கு அது ஆச்சரியம்தான். நம்முடைய ஊர்களில் பக்கத்து வீட்டில் குழம்புக்கு உப்புக் கூடினாலும் சந்திவரைக்கும் போகும் என்று உங்களுக்குத் தெரியும். சுகந்தி மட்டும் ஒருநாள் வானிலிருந்து இறங்கும்போது என் கையைப் பிடித்து அமத்திவிட்டுப் போனாள். "எனக்கெண்டால் சொல்ல வராது மச்சாள்" என்றாள். அமலன் என்னோடு கதைக்கவில்லை. கோபம் இல்லை, கூச்சம். எதிரில் வந்தால் தலையை ஆட்டுவான். எனக்கு நொந்தது. பொய் சொல்லமாட்டேன், நன்றாக நொந்தது. ஆனாலும் அவன் வாரியைத் தோளில் வைத்துக்கொண்டு லேனுக்குப் போவதைத் தூரத்திலிருந்து பார்க்கும்போது மூச்சு ஒழுங்காக வந்தது.

அந்த வருடம் எங்கள் காணி முடிந்தது. அதே காலத்தில் இராணுவம் பிடித்து வைத்திருந்த மயிலிட்டியும் சனத்துக்கு விடுபட்டது. ஒரு காணி முடிந்தால் அதைச் சொந்தக்காரரிடம் கொடுப்பதற்கு எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. சொந்தக்காரக் குடும்பங்கள் வீதியோரம் வந்து நிற்கும். அவர்களுக்கு முன்னால், சுத்தம் செய்த நாங்களே, கவசம் இல்லாமல், வைசர் இல்லாமல், எல்லாரும் ஒரு வரிசையாகத் தோளோடு தோள் சேர்ந்து காணியின் இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கல்வரை நடப்போம். இந்த நிலத்தை நாங்கள் நம்புகிறோம், நீங்களும் வரலாம் என்பதற்கு அதுதான் கையெழுத்து. கூட வேலை செய்தவர்கள் ஒருவரை ஒருவர் நம்புகிறார்கள் என்பதற்கும் அதுதான். யார் யாருக்குப் பக்கத்தில் நிற்பது என்று யாரும் சொல்லுவதில்லை, ஆனால் எல்லாரும் பார்ப்பார்கள்.

நான் வரிசையின் கடைசியில் போய் நின்றேன். தவம் அண்ணை கையைத் தூக்கப்போகிற நேரம் ஒருவன் நடுவிலிருந்து விலகி, எல்லாரையும் கடந்து வந்து, எனக்கு அங்கால், வரிசையின் கடைசி ஆளாக நின்றான். பார்த்தால் அமலன். அவ்வளவு நாளும் எங்களுக்கு நடுவில் விதித்த தூரம் இருந்தது. இப்போது அவனுடைய சேட்டுக் கை என் சட்டைக் கையில் முட்டியது. நடக்கத் தொடங்கினோம். பாதி தூரம் வந்துவிட்டோம். வெறும் மண்ணில் எங்கள் சப்பாத்துகள் புதைந்து எழும்பின.

"இனிப் பாக்கலாம் அக்கா" என்றான், முன்னுக்குப் பார்த்தபடியே. "இனி என்ரை கையை ஆரும் பாக்கத் தேவையில்லை."

பார்த்தேன். கண் நிறையப் பார்த்தேன். வெயிலில் கறுத்த கன்னம், கவசப் பட்டியின் தழும்பு, வெளியே நிற்கிற காது. ஒளிக்காமல், விசில் பிடிக்காமல், அந்தக் காணி முடியும்வரை பார்த்தேன். அவன் பார்க்கவிட்டான். கடைசித் தென்னைக்குக் கிட்ட வந்ததும் என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, நானும் ஒரு நாள் கையை விட்டிட்டு உங்களைப் பாத்தனான். வட்டத்திலை சொல்ல எனக்குத் துணிவு வரேல்லை. நீங்கள் சொன்னீங்கள்."

அது மெய்யா, என் மனம் நோகக்கூடாது என்று சொன்ன அன்பா, எனக்குத் தெரியாது. இரண்டில் எதுவாக இருந்தாலும் எனக்குப் போதும். வீதியில் நின்ற சனம் கைதட்டியது. ஒரு பெரியவர் மண்ணை அள்ளி நெற்றியில் பூசினார். அமலன் என் கையைப் பிடித்து ஒருமுறை குலுக்கினான், வாரி பிடித்துக் காய்த்த கை. அடுத்த கிழமை மயிலிட்டிக்குப் போய்விட்டான்.

இப்போது கடலுக்குப் போகிறான். தண்ணீர்ப் பயம் எப்படிப் போனது என்று கேட்டால், பின்னால் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் போகிறது என்கிறான். அவர் அவனுடைய மனைவி. ஒரு பெண் குழந்தையும் இருக்கிறது. நத்தார்ப் பண்டிகைக்கு எனக்குப் பெரிய பாரை மீன் ஒன்றைத் தூக்கிப் பிடித்துப் படம் அனுப்புகிறான். என் ஆசை அவனுக்கு ஒரு பாரமாகப் போய்விடவில்லை என்பது எனக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று அவனுக்குத் தெரியாது.

முகமாலைப் பக்கம் இப்போது போனால் நான் சொன்ன எதையும் காணமாட்டீர்கள். மண்டையோட்டுப் பலகை இல்லை. சிவப்புக் கட்டை இல்லை. எங்கள் லேன் இருந்த இடத்தில் கச்சான் கடலை போட்டிருக்கிறார்கள். கிணறும் ஒரு சின்னக் கல்வீடும் வந்துவிட்டன. அவன் நின்ற இடம் எது, நான் நின்ற இடம் எது என்று எனக்கே பிடிபடவில்லை. தவம் அண்ணை வேலை முடிந்து ஊரோடு போய்விட்டார். சுகந்தி கொடிகாமத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறாள். மிதிவெடி போனதற்கு நான் அழமாட்டேன். அழுகிறவள் என்றால் முதலிலேயே அகற்றப் போயிருக்கமாட்டேன். ஆனால் கூடாரத்துக்கு முன்னால் நின்ற அந்தக் காலை வட்டமும் கூடவே போய்விட்டது. மனத்தில் இருப்பதை ஒரு பெண் வாய்விட்டுச் சொல்ல, ஒரு உதடும் கோணாமல் கேட்ட இடம் இந்தக் குடாநாட்டில் எனக்குத் தெரிய அது ஒன்றுதான் இருந்தது. வெடி நிறைந்த காணிக்குள் இருந்தது. வெடி இல்லாத வீடுகளில் நான் அதைக் கண்டதில்லை.

கொடிகாமம் சந்தைக்கு மாம்பழம் கொண்டுவருகிற ஒரு மனிதர் இருக்கிறார். என்னைவிட நாலு வயது மூத்தவர். இந்த முறை வயது பரவாயில்லாமல் அமைந்திருக்கிறது. போன ஞாயிறு நல்ல சேலை கட்டி, தலை வாரி வெளிக்கிட்டேன். என்னோடு இருக்கிற தங்கச்சி வாசலில் மறித்தாள்.

"எங்கை அக்கா, உந்த வடிவோடை?"

"எனக்கு ஒருத்தரிலை விருப்பம். அவரைப் பாக்கப் போறன்."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சிரித்தாள். சிரித்து முடிக்கட்டும் என்று படலையைத் திறந்துகொண்டு போனேன்.